"இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். "கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, டாக்டர். பிடிவாதம் கூடிக்கொண்டே போகிறது. இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார்.

நான் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினேன். சிரித்தாள், பதில் சொன்னாள். பின்னால் போய் நின்று அதே குரலில் பெயர் சொல்லி அழைத்தேன். கையிலிருந்த பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பரிசோதித்தபோது இரண்டு நடுக்காதுகளிலும் பசைபோல் நீர் கட்டியிருந்தது. காது கேளாமைக்குத்தான் வீட்டில் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குழந்தைநல மருத்துவராக இருக்கும் எனக்கு அந்த "அப்படித்தான்" என்ற ஒரு சொல்லின்மேல் தீராத கோபம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வரும் துன்பங்களில் பல, கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியவை. எல்லாப் பழியையும் ஒரு குரோமோசோமின்மேல் போட்டுவிட்டால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

அந்தக் குரோமோசோமின் கதை இதுதான். நம் செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 23 ஜோடிகளாக 46 இருக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866இல் இந்த நிலையை விவரித்தார். காரணம் பிரான்சில் 1959இல்தான் தெரியவந்தது. நூற்றுக்கு 95 பேரிடம் இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் பிரிவதில் தற்செயலாக நேரும் பிழை. கருவுற்ற பிறகு தாய் சாப்பிட்டதோ பார்த்ததோ பயந்ததோ இதற்குக் காரணம் அல்ல. தாயின் வயது கூடும்போது வாய்ப்பும் கூடுகிறது என்பது உண்மை: 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புகளுக்கு ஒன்று, 40 வயதில் 100க்கு ஒன்று. ஆனாலும் இளம் தாய்மார்களே அதிகம் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மார்களுக்குப் பிறந்தவர்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொன்றுடன் ஒட்டியிருக்கும். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் குரோமோசோம் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

பிறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இதயம். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் ஒன்றும் இல்லை என்பதை நம்பி எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சில பெரிய ஓட்டைகளை முதல் சில மாதங்களுக்குள் அடைக்காவிட்டால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் மீட்க முடியாதபடி கெட்டுவிடும். 1980களின் தொடக்கத்தில் இவர்களின் சராசரி ஆயுள் 25 அளவில் இருந்தது. இன்று நல்ல மருத்துவம் கிடைக்கும் இடங்களில் 60ஐத் தொடுகிறது. காலத்தில் நடக்கும் இதய அறுவை சிகிச்சைக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

கண், காது, தைராய்டு மூன்றையும் குழந்தைப் பருவத்தில் அடிக்கடியும் பின்னர் முறையாகவும் பார்க்க வேண்டும். இரவில் குறட்டை விடுகிறதா, உட்கார்ந்தபடியே குனிந்து தூங்குகிறதா, பகலில் எரிந்து விழுகிறதா என்று கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது இவர்களிடம் மிக அதிகம். நன்றாக நடந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று அன்றைக்கே காட்ட வேண்டும்.

பேச்சு தாமதமாகிறது என்பதுதான் பெற்றோரை அதிகம் வாட்டும் கவலை. இக்குழந்தைகள் சொல்ல முடிவதைவிட மிக அதிகம் புரிந்துகொள்கிறார்கள். வாயைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருக்கும். காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்ப்பதோ நன்றாகப் பதியும். அதனால் படம் காட்டுங்கள், சைகை கற்றுக்கொடுங்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம், சைகை பேச்சுக்குப் படி. கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நான் பார்த்தவரை, மூன்று எண்ணுவதற்குள் பக்கத்திலிருப்பவர் பதில் சொல்லிவிடுகிறார். அந்தச் சிறுமிக்குக் காதில் சிறு குழாய் வைத்து நீரை வெளியேற்றினார்கள். பழக்கத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்த தாயிடம் அவள் முதல் வாரத்திலேயே "அம்மா, கத்தாதே" என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அந்தத் தாய் அழுதார்.

வளர்ந்த பின்னும் இதே தவறு தொடர்கிறது. நான் குழந்தையிலிருந்து பார்த்துவந்த ஓர் இளைஞருக்கு இப்போது 26 வயது. பொட்டலம் கட்டும் வேலைக்குத் தினமும் போய்வந்தவர், சில மாதங்களாகப் பேச்சைக் குறைத்து மூலையில் உட்கார ஆரம்பித்திருந்தார். "இவர்களுக்குச் சீக்கிரமே மறதி நோய் வருமாமே?" என்று அண்ணன் கேட்டார். அல்சைமர் என்னும் அந்த மறதி நோய் இவர்களிடம் அதிகம் என்பது மெய்தான். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் 40 வயதைத் தாண்டித் தலைகாட்டுவது. எந்த வயதானாலும், அந்த முடிவுக்கு வருமுன் தைராய்டு, காது, கண், தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அந்த இளைஞரிடமே கேட்டேன். "தம்பி, உடம்புக்கு என்ன செய்கிறது?" அம்மா வாய் திறந்தார், கையமர்த்தினேன். இளைஞர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "குளிருது. தூக்கம் தூக்கமா வருது. வேலைக்குப் போகணும்."

தைராய்டு பரிசோதனை செய்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றே இரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தேன். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. தினம் ஒரு மாத்திரை என்று தொடங்கி, மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினார்.