செவ்விந்தியர்: யார் வைத்த பெயர்?

போன வாரம் வீட்டில் டப்பிங் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. குதிரை, புழுதி, நடுவே ஒரு அலறல்: "செவ்விந்தியர்கள் வந்துட்டாங்க!" அக்கா மகள் திரும்பி, "இந்தியர்னா நம்ம ஆளுங்களா சித்தப்பா?" என்றாள். நியாயமான கேள்வி.

சொல்லின் கதை தெரிந்ததுதான். 1492இல் கரீபியத் தீவில் இறங்கிய கொலம்பஸ், இந்தியப் பக்கம் வந்துவிட்டதாக நினைத்து, எதிர்ப்பட்டவர்களை இந்தியர் என்றார். சிவப்பு பின்னால் ஒட்டியது. நாம் இரண்டையும் சேர்த்துச் செவ்விந்தியர் ஆக்கினோம். புணர்ச்சியில் பிழையே இல்லை, அதுதான் வம்பு. செவ்வானம், செவ்விளநீர் மாதிரி வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் வசை காதில் விழுவதில்லை. அமெரிக்காவில் 'ரெட்ஸ்கின்ஸ்', அதாவது செந்தோலர், என்ற பெயரை வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி 2020இலேயே விட்டுவிட்டது.

சிலர் 'அமெரிந்தியர்' என்கிறார்கள். சிவப்பைத் துடைத்துவிட்டுக் கொலம்பஸின் தப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்ட சொல். கேட்டால் கலிபோர்னியாவில் ஐடி வேலை பார்க்கும் மாமா பையன்தான் நினைவுக்கு வருவான். 'அமெரிக்கப் பழங்குடி' எனக்கு இன்னும் கசப்பு. பழங்குடி என்றதும் நம் மனம் மலைக்கும் காட்டுக்கும் ஓடுகிறது. ஏரி நடுவே டெனோச்டிட்லான் என்ற மாநகரைக் கட்டி, கால்வாயும் சந்தையுமாக வாழ்ந்த அஸ்டெக் மக்களை எந்தக் காட்டில் கொண்டுபோய் வைப்பது? பொதுச்சொல் வேண்டுமானால் 'அமெரிக்கத் தொல்குடியினர்' போதும். முன்பே இருந்தவர்கள் என்பதற்கு மேல் அது எதையும் ஏற்றிச் சொல்வதில்லை.

அவர்களே 'அமெரிக்கன் இந்தியன்' என்கிறார்களே என்பார்கள். உண்மைதான், 1968இல் மினியாபொலிஸில் தொடங்கிய உரிமை இயக்கத்தின் பெயரிலேயே அது உண்டு. சரி, அந்தப் பெயர் வரும் இடத்தில் அப்படியே எழுதுங்கள். சிவப்பு அதில் எங்கே இருக்கிறது?

எந்த மக்கள் என்று தெரிந்தால் பொதுச்சொல்லே வேண்டாம். நவஹோ என்று நாம் எழுதுகிறவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது தினே. மக்கள் என்று பொருள். இன்னொரு மக்களுக்கு வழங்கும் 'சூ' (Sioux) என்ற பெயர், அண்டை மக்களான ஒஜிப்வேக்கள் சொன்ன பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் திரித்து, பிறகு வாலை மட்டும் நறுக்கி எடுத்த துண்டு. சூ எனப்படுவோரில் ஒரு பெரும் பிரிவினரின் சொந்தப் பெயர் லக்கோட்டா, அதாவது நட்பால் இணைந்தவர்கள்.

ஒருமுறை பிழைதிருத்த வந்த மொழிபெயர்ப்பில் 'சியோக்ஸ் இனச் செவ்விந்தியர்கள்' என்று இருந்தது. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்திருக்கிறார், பாவம். இரண்டையும் அடித்து, 'லக்கோட்டா மக்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

அச்சில் 'லக்கோட்டா செவ்விந்தியர்கள்' என்று வந்தது.