மீட்டரில் பூஜ்ஜியம் வந்தால் கையை வைக்கலாமா?

மின்பணிக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் மின்னழுத்தம், மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் கோணும். இதுகூடவா எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பார்கள். அளக்கத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் திரையில் 230 வோல்ட் என்று வந்தால் எவரும் கையை வைக்கப் போவதில்லை. பூஜ்ஜியம் வந்தால்தான் கை உள்ளே போகிறது. ஆகவே எனக்குப் பயமெல்லாம் அந்தப் பூஜ்ஜியத்தின் மேல்தான்.

அது பல வழிகளில் வரும். லீட்டின், அதாவது மீட்டரில் செருகும் சோதனை ஒயரின், உறைக்குள் கம்பி அறுந்திருந்தால் வரும். மீட்டரின் குமிழ் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பக்கம் இருக்க ஏசியை (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை) அளந்தால், பூஜ்ஜியத்தை ஒட்டிய எண் வரும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கூரைகளில் சோலார் தகடுகள் பெருகிய பிறகு இதன் மறுபக்கத்தையும் பார்க்கிறோம்: வரிசையாக இணைத்த தகடுகளில் பல நூறு வோல்ட் டிசி இருக்கும், ஏசியில் வைத்த மீட்டர் அங்கே ஒன்றுமே இல்லை என்று சாதிக்கும். சட்டைப் பையில் செருகியிருக்கும் தொடாமல் சோதிக்கும் டெஸ்டரும் டிசியை உணராது. உலோக உறை போட்ட கேபிளுக்குள் ஏசி இருந்தாலும் அது வாய் திறக்காது. கிளாம்ப் மீட்டரால் ஒற்றை ஒயரைக் கவ்வாமல், மின்சாரம் வரும் பேஸும் அது திரும்பும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளைக் கவ்வினால், போகிற மின்னோட்டத்தைத் திரும்புகிற மின்னோட்டம் கழித்துவிடும். உள்ளே 20 ஆம்பியர் ஓடினாலும் திரையில் பூஜ்ஜியம்தான்.

எனவே சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டை மாட்டிய பிறகும் மூன்று முறை சோதிக்கச் சொல்கிறேன். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில். வேலை செய்யப்போகும் இடத்தில் அடுத்து. உடனே மறுபடியும் முதல் இடத்தில். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான். மூன்று பேஸ் இணைப்பு என்றால் பேஸுக்குப் பேஸ் மூன்று, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று என்று பத்து அளவுகள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தாலும் பத்தையும் எடுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நீளமான கேபிள் தட்டில் மற்ற கேபிள்களோடு சேர்ந்து போகும் இணைப்பில்லாத ஒயரில்கூட மீட்டர் 60, 80 வோல்ட் காட்டும். பக்கத்து ஒயரிலிருந்து ஒட்டிக்கொண்ட பொய் அழுத்தம் அது. குறைந்த மின்தடையில் அளக்கும் வசதி சில மீட்டர்களில் இருக்கிறது. அதற்கு மாற்றினால் பொய் அழுத்தம் விழுந்துவிடும். ஆனால் அந்த நிலையில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) விழுந்துவிட வாய்ப்புண்டு. அந்த இணைப்பில் வேறு என்னென்ன ஓடுகின்றன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மீட்டரே வெடிக்கும் கதை. ஒருவர் சிவப்பு லீட்டை 10 ஆம்பியர் துளையில் செருகி மின்னோட்டம் அளக்கிறார், அப்படியே பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். அடுத்தவர் எடுத்து, குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி, 400 வோல்ட் பஸ்பாரில் (பெட்டிக்குள் பேஸ்களைச் சுமக்கும் உலோகப் பட்டைகளில்) வைக்கிறார். அந்தத் துளைக்குள் மின்தடை என்று சொல்லும்படி ஏதுமில்லை. இரண்டு பேஸையும் கம்பியால் இணைத்ததற்குச் சமம். அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் பியூஸ் ஒன்றுதான் உண்டு. அது மணல் நிரப்பிய, 1,000 வோல்ட்டுக்குரிய பியூஸாக இருந்தால் சத்தமில்லாமல் அறுந்துவிடும். கண்ணாடிப் பியூஸ் என்றால் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி நிற்காமல் எரியும். தொழிற்பேட்டை ஒன்றில் ஊழியர்களின் மீட்டர்களைத் திறக்கச் சொன்னேன். ஒன்றில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு இழையை முறுக்கி வைத்திருந்தார்கள். “மீட்டர் வேலை செய்கிறதே, அண்ணே” என்றார் அதன் சொந்தக்காரர். அதுதானே சிக்கல்! சரியான பியூஸ் ஒன்றின் விலைக்கு மலிவான மீட்டரே கிடைத்துவிடுகிறது. வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது.

பின்மூடியைத் திறக்காமலே பியூஸைப் பார்க்க ஒரு வழி: பல மீட்டர்களில், சிவப்பு லீட்டை வோல்ட் துளையில் வைத்து, குமிழை மின்தடை அளக்கும் ஓமுக்குத் திருப்பி, லீட்டின் முனையை ஆம்பியர் துளைக்குள் தொட்டால் சிறிய எண் வர வேண்டும். எண்ணே வராவிட்டால் பியூஸ் போய்விட்டது.

வாங்கும்போது வோல்ட் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஐஇசி 61010 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தரநிலையின்படி, எந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வகை (CAT), துளைகளின் அருகே கேட் 2, கேட் 3, கேட் 4 என்று ரோமன் எண்ணில் அச்சிட்டிருக்கும். கேட் 2, 1,000 வோல்ட் மீட்டரும் கேட் 3, 600 வோல்ட் மீட்டரும் 6,000 வோல்ட் திடீர் மின்னழுத்த அலையைத் தாங்க வேண்டியவைதான். ஆனால் இரண்டாவதைச் சோதிக்கும்போது அலைக்குப் பின்னால் இருக்கும் மின்தடை 12 ஓம் அல்ல, 2 ஓம். பாயக்கூடிய மின்னோட்டம் ஆறு மடங்கு. விநியோகப் பெட்டிக்குக் கேட் 3, கட்டடத்துக்குள் மின்சாரம் நுழையும் இடத்துக்குக் கேட் 4. இடியும் மின்னலும் ஓயாத சிங்கப்பூரில் திடீர் அலை வராது என்று யாரும் பந்தயம் கட்ட முடியாது. லீட்டுக்கும் இதே மதிப்பு வேண்டும். நல்ல மீட்டரில் மலிவான லீட்டைச் செருகினால், மொத்தமும் அந்த லீட்டின் தரத்துக்கு இறங்கிவிடும். கேட் 3, 4 வேலைகளுக்கு முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. நீண்ட முனை சறுக்கினால் பக்கத்துப் பேஸைத் தொடும்.

வீட்டில் இணையத்தில் வாங்கிய மீட்டரோடு டிபி (மின் விநியோகப்) பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஒன்று. ஆர்சிசிபி காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நீங்கள் மாட்டிக்கொண்டால், அதற்கு நீங்களும் ஒரு விளக்கும் ஒன்றுதான். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

அளவுத்திருத்த ஒட்டுவில்லையைக் காட்டி “மீட்டர் புதிதாகச் சோதித்தது” என்பவர்களும் உண்டு. சோதித்த நாளில் எண் சரியாக வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. நேற்று ஏணியிலிருந்து விழுந்ததும் லீட்டின் உறை கீறியதும் அதற்குத் தெரியாது. காலையில் லீட் முனைகள் இரண்டையும் சேர்த்து, ஓமில் வைத்து, ஒயரை அடியிலிருந்து நுனிவரை வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் அந்த லீட்டை வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.