கிரிஞ்ச்: கூசுவது யார், யாருக்காக?

திரையில் ஒருவர் தம் அவமானத்தை நோக்கித் தாமே நடந்துகொண்டிருக்கும்போது, அதைப் பார்க்க மாட்டாமல் தலையணையால் முகத்தை மறைப்பவர்களும், ரிமோட்டைத் தேடுபவர்களும், தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்களும் உண்டு. இந்த உணர்வை இன்றைய தமிழ்ப் பேச்சு 'கிரிஞ்ச்' என்கிறது. அதே சொல்தான் பழைய படத்தின் காதல் வசனம் முதல் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கம் வரை எல்லாவற்றின் மீதும் ஏளன முத்திரையாகவும் குத்தப்படுகிறது. முன்னதில் பார்ப்பவர் துன்பப்படுகிறார். பின்னதில் அவர் தீர்ப்புச் சொல்கிறார். தமிழ் நிகரைத் தேடுவோர் இவ்விரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவே பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் 'கிரிங்கன்' என்றால் போரில் வீழ்தல், தளர்ந்து சாய்தல் என்று பொருள். 'நோயுற்ற' என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லான 'கிராங்க்' இதற்கு உறவு என்பர். அடி விழும் என்று உடலை ஒடுக்குவது, எசமானர் முன் குழைந்து வளைவது என்று பொருள் நகர்ந்து, பிறகு வெட்கத்தால் உள்ளுக்குள் சுருங்குவதையும் குறித்தது. தம் நாட்டுப் படைப்புகளை இங்கிலாந்தின் படைப்புகளுக்குக் கீழானவையாக எண்ணிக் குன்றும் ஆஸ்திரேலிய மனப்பான்மைக்கு, 1950இல் அந்நாட்டு விமர்சகர் ஏ. ஏ. ஃபிலிப்ஸ் 'கல்ச்சுரல் கிரிஞ்ச்' என்று பெயரிட்டதும் இந்தச் சுருங்கலை வைத்துத்தான். இணைய வழக்கில் அது பெயரடையாக மாறியபோது, சுருங்குகிறவரின் உடலை விட்டுவிட்டுச் சுருங்க வைத்தவரின் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் 2021ஆம் ஆண்டின் இளைஞர் சொல்லாகத் தேர்வானதும் இந்த ஆங்கிலச் சொல்லே.

இத்தனைக்கும் ஜெர்மன் மொழியில் இவ்வுணர்வுக்குச் சொந்தச் சொல் இருக்கிறது. 'ஃபிரெம்ட்ஷேமன்' என்பது பிறருக்காகத் தான் வெட்கப்படுதல். ஆஸ்திரியா 2010இல் இதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஸ்பானிய மொழியில் 'வெர்குவென்சா அஹெனா', அதாவது அயலார் வெட்கம்.

இதற்குப் பலர் காட்டும் மாதிரி, அமெரிக்கத் தொடரான 'தி ஆபீஸ்' 2009 டிசம்பரில் ஒளிபரப்பிய 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' என்னும் பகுதி. பத்து ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளிப் படிப்பை முடித்தால் உங்கள் கல்லூரிக் கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று வாக்களித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட், கையில் பணமில்லாமல் அந்த வகுப்பறைக்குப் போகிறார். மாணவர்கள் ஆடிப் பாடி அவருக்கு நன்றி சொல்கிறார்கள். உண்மையைச் சொன்ன பின் அவர் நீட்டும் ஆறுதல் பரிசு, மடிக்கணினிக்கான பேட்டரி. ஆவணப்படம் போல் எடுக்கப்படும் அத்தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. இது நகைச்சுவை, கவலைப்படாதே என்று சொல்ல ஒரு குரலும் இல்லாததால், பாடல் முடிய முடியப் பார்ப்பவருக்கு வயிறு இறுகுகிறது. நம் ஆள்மாறாட்ட நகைச்சுவைப் படங்களிலும் பொய் ஒவ்வொன்றாக அவிழ்கிறது. ஆனால் அங்கே இசையும் வேகமும் நம்மைக் கைப்பிடித்துக் கடத்திவிடுகின்றன.

உளவியலாளர் ரோலண்ட் மில்லர் 1987இலேயே இதைப் பரிவினால் வரும் சங்கடம் என்று வகைப்படுத்தினார். ஜெர்மனியைச் சேர்ந்த சோரன் கிராக், ஃபிரீடர் பவுலுஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் வலியைக் காணும்போது இயங்கும் மூளைப் பகுதிகளான முன் சிங்குலேட் புறணியும் முன் இன்சுலாவும் இவ்வேளையிலும் இயங்குவதைக் கண்டனர். அதைவிட முக்கியமானது, சம்பந்தப்பட்டவர் தம் நிலையை உணராவிட்டாலும் பார்ப்பவருக்குச் சங்கடம் உண்டாகிறது என்னும் முடிவு. எனவே இதை வெறும் உணர்வுத் தொற்று என்று சொல்லிவிட முடியாது: அவரிடம் இல்லாத வெட்கம் நமக்கு வருகிறது. மோசமாக எடுக்கப்பட்ட உருக்கமான காட்சியில் நடிகருக்காகவும் இயக்குநருக்காகவும் நாம் நெளிவது இவ்வகைதான்.

தமிழில் இதற்கு எழுதப்படும் 'அருவருப்பு' பொருந்தாது. அது அழுகலையும் அசிங்கத்தையும் கண்டு விலகுவது. 'தர்மசங்கடம்' இரண்டு கடமைகளுக்கிடையே மாட்டிக்கொண்ட நிலை. 'கூனிக்குறுகுதல்' ஆங்கில வேர்ப்பொருளுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. வளைவும் சுருக்கமும் அதில் இருக்கின்றன. ஆனால் கூனிக்குறுகுபவர் அவமானப்பட்டவர், பார்த்துக்கொண்டிருப்பவர் அல்லர்.

எஞ்சுவது 'கூசுதல்'. வெயிலில் கண் கூசுகிறது, புளிப்பில் பல் கூசுகிறது, பொய் சொல்ல நாக் கூசுகிறது. உடல் தானாகப் பின்வாங்குவதையும் மனம் வெட்குவதையும் ஒரே வினையால் சொல்லும் மொழிக்கு இரவல் சொல் தேவைதானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'பார்க்கவே கூசுது' என்று பேச்சில் சொல்வதே போதுமான மொழிபெயர்ப்பு.

பிறருக்காக என்னும் கூறும் நமக்குப் புதிதன்று. நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறளே, செயலால் வரும் நாணம் வேறு, மகளிர்க்குரியதாகச் சொல்லப்படும் நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறது. 1015ஆம் குறள், 'பிறர்பழியும் தம்பழியும் நாணுவார் நாணுக்கு உறைபதி என்னும் உலகு' என்கிறது. பிறருக்கு வரும் பழியையும் தமக்கு வரும் பழியையும் ஒப்ப மதித்து நாணுபவரையே உலகம் நாணத்தின் உறைவிடம் என்று சொல்லுமாம். வள்ளுவர் பேசுவது பழி என்னும் கனத்த பொருளை. தொலைக்காட்சித் தொடரின் அசட்டுத்தனம் அவ்வளவு கனமானதன்று. இருந்தும் உணர்வின் அமைப்பு ஒன்றே.

ஆகவே கலைச்சொல்லாக வேண்டுவோர் 'பிறர்க்காக நாணல்' என்று எழுதலாம். கட்டுரைகளுக்கும் வசன வரிகளுக்கும் 'இரவல் கூச்சம்' எளிதாக வரும். 'அந்தக் காட்சி இரவல் கூச்சத்தால் நெளிய வைத்தது' என்பது புரியாமல் போகாது. ஏளன முத்திரையாக வரும் 'கிரிஞ்ச்' என்பதற்கு இச்சொற்களைப் போடக் கூடாது. அங்கே இடத்துக்கேற்ப 'அசட்டுத்தனம்', 'சகிக்கல', 'வழிசல்' ஆகியவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன.