மதிலை ஒட்டி மண் கொட்டும் முன்

மழை ஓய்ந்த ஒரு நாள் ஒரு வீட்டுக்காரர் அழைத்தார். "பொது மதில் எங்க பக்கம் சாயுது சார். இடிச்சுக் கட்ட எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொடுங்க, பாதியைப் பக்கத்து வீட்டுல கேக்கணும்" என்றார். பக்கத்து வீட்டு அம்மாவோ, "சுவர் பழசாயிடுச்சு, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று முன்பே சொல்லிவிட்டாராம். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று மூன்று மாதம்.

மதில் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தேன். ஐந்தடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் சாய்வு. நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான். தரையிலிருந்து இரண்டரை அடி வரை பாசி பிடித்து ஊறிப்போயிருந்தது; அதற்கு மேல் கோடு கிழித்த மாதிரி காய்ந்திருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், தோட்டம் போடுவதற்காக அதே உயரத்துக்கு மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள்.

எல்லை மதில் மறைப்புக்காகக் கட்டுவது. மண்ணைத் தாங்குவதற்கு ரீட்டெய்னிங் வால், அதாவது தாங்குசுவர் வேண்டும். அதற்கு அடித்தளமும் கனமும் வேறு. மண்ணின் அழுத்தம் ஆழம் கூடக் கூட ஏறும். ஓரடி மண் இரண்டடியானால் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகும். மழைநீர் வடிய வழியில்லாமல் தேங்கினால் நீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். மழை நாளில் மதில் விழுந்த செய்தி வரும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும், அதன் ஓரம்தான் குழந்தைகள் விளையாடுவார்கள். சாய்ந்த மதிலைப் பார்த்தால் முதலில் ஆட்களை விலக்குங்கள். பணப் பேச்சு பிறகு.

பொது மதில் என்றாலே எல்லாச் செலவும் பாதிப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1991இல் வந்த எல்லை வேலிச் சட்டம் இதை நன்றாகப் பிரிக்கிறது. போதுமான அளவு வேலிக்கு இருவருக்கும் சமபங்கு. அதைவிட உசத்தியாக ஒருவர் கேட்டால் கூடுதல் செலவு அவருடையது. ஒருவரின் கவனக்குறைவால் வேலி கெட்டால் சரிசெய்யும் செலவு முழுவதும் அவர் பொறுப்பு. கலிபோர்னியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் சமபங்கிலிருந்துதான் தொடங்குகிறது. செலவு வைக்கும் முன் 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. உங்கள் ஊரில் சட்டம் எப்படி என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டமே இல்லாத இடத்திலும் இந்தப் பிரிப்பு நியாயமாகவே எனக்குப் படுகிறது.

புது மதில் கட்டுபவர்களுக்கு ஒன்று. எல்லைக் கோட்டை நில அளவையரை வைத்து இரு வீட்டார் முன்னிலையில் அளந்துவிடுங்கள். சுவர் சரியாகக் கோட்டில் நின்றாலும் அடித்தளம் அதைவிட அகலம். அது எவர் நிலத்துக்குள் எவ்வளவு போகிறது என்பதைக் குழி தோண்டும் முன்பே பேச வேண்டும். மறுபக்கப் பூச்சுக்கு ஆள் உள்ளே வரலாமா, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பழுதானால் யார் பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வீடு கைமாறும்போது காணாமல் போய்விடும். வீட்டை விற்றால் வாங்குபவரிடம் அந்தத் தாளைக் காட்டி, அவர் ஒப்புதலையும் எழுதி வாங்குங்கள்.

அந்த இரண்டு வீட்டாரையும் மதிலருகே நிற்க வைத்து ஈரக்கோட்டைக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "மண்ணு இப்படித் தள்ளும்னு யாரும் சொல்லலையேப்பா" என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எதிரில் நின்றவருக்கும் புரிந்தது. மதிலை ஒட்டியிருந்த மண்ணை வெட்டி எடுத்தார்கள். சாய்ந்த பகுதியைக் கட்டும் செலவை அந்த அம்மாவே ஏற்றுக்கொண்டார். மீதி மதிலின் பூச்சுக்குப் பாதி தருகிறேன் என்றார் என்னை அழைத்தவர். வேலை முடியும் வரை அந்த அம்மாவின் செடிகளெல்லாம் இவர் வீட்டு வாசலில்தான் இருந்தன.