தொற்றுக்காலத்தில் ஓராங் அஸ்லி மக்களின் சுகாதாரத் தகவல்: சட்டம் சொல்வது என்ன?

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா சாலையில் உள்ளே போகப் போக, ரப்பரும் செம்பனையும் முடியும் பக்கத்தில் தெமியார் மக்களின் கிராமங்கள் தொடங்குகின்றன. தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் ஒரு பிரிவினர் அவர்கள். பட்டணத்து அரசு மருத்துவமனையில் அவர்களும் நம் தோட்டத்து மக்களும் ஒரே வரிசையில்தான் காத்திருக்கிறோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், யாருக்கு நோய் என்ற தகவல் எங்கே போகிறது, அதை யார் பார்க்கலாம் என்ற கேள்வி இரு தரப்புக்கும் எழுந்தது. ஓராங் அஸ்லி மக்களுக்கு அதன் பாரம் அதிகம்.

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் (சட்டம் 342) 10ஆவது பிரிவின்படி, தொற்றுநோய் கண்ட வீட்டில் இருக்கும் வயது வந்தவரும் நோயாளியைக் கவனிப்பவரும், அருகிலுள்ள மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கோ, அரசு மருத்துவ நிலையத்துக்கோ, காவல் நிலையத்துக்கோ, கிராமத் தலைவருக்கோ தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். இதற்கு நோயாளியின் சம்மதம் தேவையில்லை. அறிவிக்காமல் மறைப்பது குற்றம்.

அறிவித்த பிறகு அந்தத் தகவலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சமமானதல்ல. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தகவலாகக் கருதுகிறது. தனியார் கிளினிக் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலை நீங்கள் எழுத்து மூலம் கேட்டால், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் கூட்டரசு, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக்குக்குப் போக வசதியில்லாமல் அரசு மருத்துவமனையையே நம்பியிருப்பவருக்கு இந்த உரிமை எட்டாமல் போவது, என் பார்வையில், இச்சட்டத்தின் பெரிய குறை.

எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. 2021 ஜூலை முதல் சுகாதார அமைச்சு கோவிட்-19 தரவுகளைப் பொதுவில் வெளியிட்டது. அது பாராட்டத்தக்க செயல். அதன் மரணப் பட்டியலில் வயது, பாலினம், மாநிலம், மலேசியரா இல்லையா என்ற விவரங்கள் இருந்தன. ஓராங் அஸ்லி என்று காட்டும் பத்தி இல்லை. 2019இல் கிளந்தானின் கோல கோ கிராமத்தில் ஓராங் அஸ்லியின் இன்னொரு பிரிவினரான பாத்தேக் மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது, காரணம் தட்டம்மை என்று உறுதியாகும் முன்பே பல உயிர்கள் போய்விட்டன. தனியாக எண்ணப்படாத சமூகத்தில் நோய் பரவுவது வெளியே தெரியத் தாமதமாகும். அதேவேளை, சில குடும்பங்களே வாழும் கிராமத்தின் பெயரைப் போட்டு ‘ஒருவருக்குத் தொற்று’ என்று எழுதினால், அந்த ஒருவர் யாரென்று லாசா கடைத்தெருவே சொல்லிவிடும். ஆகவே சமூகவாரியாக எண்ண வேண்டும், கிராமவாரியாகப் பொதுவில் வெளியிடக் கூடாது. கிராமத்துக்கான விவரம் அந்தக் கிராமத்தின் தலைவரான தோக் பாத்தினிடமும் அதன் மக்களிடமும் முதலில் போய்ச் சேர வேண்டும்.

இது வெறும் நல்லெண்ணக் கருத்து அன்று. மலேசியா ஆதரித்து வாக்களித்த 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகளின் பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனம், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளுக்கு முன்கூட்டியே, தெரிந்து தரும் சம்மதத்தைப் பெறச் சொல்கிறது. அதற்கு நம் நீதிமன்றங்களில் சட்டத்தின் வலு இல்லை என்பதும் உண்மையே.

உதவிப் பொருள் கொண்டுபோகும் நம் தொண்டூழியர்களுக்கும் இதில் பங்குண்டு. அடையாள அட்டை எண், நோய் விவரம் அடங்கிய பெயர்ப் பட்டியலைப் படமெடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட 342ஆவது சட்டம் யாரையும் கேட்கவில்லை. அரிசியும் மருந்தும் சரியாகச் சேர, எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை என்ற கணக்கே போதும். அதையும் தோக் பாத்தினிடம் கேட்டே எழுத வேண்டும், பொருள் சேர்ந்ததும் தாளை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.