தேய்ப்பதற்கு முன் பாருங்கள்: சுருண்ட நாட்டிலாய்டுகளை அடையாளம் காண்பது பற்றி

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் சுருள் கற்களை எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் அதை நன்றாகத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு மெருகேற்றி, சிலர் வார்னிஷும் பூசித்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். "சார், அம்மோனைட் கிடைச்சிருக்கு" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் பல நேரம் அது அம்மோனைட்தான். சில நேரம் நாட்டிலாய்டு, அதாவது இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸின் பழைய உறவு. எது என்று சொல்லவே முடியாத கற்களும் உண்டு, ஏனென்றால் சொல்வதற்குத் தேவையான அடையாளங்கள் தேய்ப்பிலேயே போயிருக்கும்.

இரண்டும் கணவாய், ஆக்டோபஸ் இனத்தின் உறவுகள். இரண்டின் ஓடும் அறை அறையாகப் பிரிந்தது. கடைசியாக உள்ள பெரிய அறையில் விலங்கு குடியிருக்கும். பின்னால் உள்ள அறைகளில் வாயு நிரம்பி ஓட்டை மிதக்க வைக்கும். எல்லாத் தடுப்புகளையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழல் போகும். அறைகளில் உள்ள நீரை வெளியே இழுப்பது அதன் வேலை. ஆங்கிலப் பெயரை ஒட்டி இதைச் சைபன்குழல் என்று வைத்துக்கொள்வோம்.

அம்மோனைட்டில் இந்தக் குழல் ஏறக்குறைய எப்போதும் சுருளின் வெளி விளிம்பை ஒட்டியே ஓடும். நாட்டிலாய்டில் தடுப்பின் நடுவிலோ, நடுவுக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும். உடைந்த கல்லில் ஒரு தடுப்பு வெளியே தெரிந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன். தண்ணீரில் நனைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கல்லை மெல்லத் திருப்பினால் சிறு வட்டமாகவோ, நிறம் மாறிய புள்ளியாகவோ அது கண்ணில் படும். நாட்டிலாய்டின் தடுப்பு, ஓட்டின் வாய்ப்பக்கம் பார்த்து வைத்த கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும்.

அடுத்தது இணைகோடு. தடுப்பு ஓட்டின் உட்சுவரைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோடு இது. ஓடு இருக்கும்வரை வெளியே தெரியாது. அது கரைந்தோ உதிர்ந்தோ போய், உள்ளே இறுகிய வண்டலின் வார்ப்பு மட்டும் மிஞ்சும்போதுதான் தெரியும். நாட்டிலாய்டில் இது நேராகவோ மென்மையான அலையாகவோ போகும். அம்மோனைட்டில் இலை நரம்பு போலப் பிரிந்து பிரிந்து மடியும்.

இங்கேதான் தேய்ப்பது கெடுதல் செய்கிறது. அந்த மடிப்புகள் தடுப்பின் ஓரத்தில்தான் நுணுக்கமாக இருக்கும். உள்ளே போகப் போகத் தடுப்பு தட்டையாகிவிடும். வார்ப்பை ஓரிரு மில்லிமீட்டர் தேய்த்தாலே நுணுக்கம் போய், கோடு எளிமையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஓடை நீரில் உருண்ட கல்லுக்கும் இதே கதிதான். அப்படித் தேய்ந்த அம்மோனைட்டை நாட்டிலாய்டு என்று எழுதிவைத்த சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்திசையிலும் ஏமாறலாம். நாட்டிலாய்டுகளிலேயே, டிரயாசிக் காலத்துக் கிளைடோநாட்டிலிட் குடும்பத்துக்கும், பேலியோசீன் காலத்தில் (அம்மோனைட்டுகள் அழிந்ததற்கு அடுத்த காலம்) தோன்றிப் பரவிய அட்டூரியாவுக்கும் இணைகோடு ஆழமாக வளைந்திருக்கும். கோட்டை மட்டும் பார்த்தால் நாட்டிலாய்டு என்று தோன்றாது. அட்டூரியாவில் சைபன்குழல் சுருளின் உள்பக்கத்தை ஒட்டி இருக்கும். அதுதான் காட்டிக்கொடுக்கும்.

சுருள் வடிவத்தை மட்டும் வைத்து வகைப்படுத்துவதும் சரிப்படாது. நாட்டிலாய்டுகளில் சுருளும் வழக்கம் ஒருமுறை மட்டும் தோன்றியதல்ல. ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்டோவிசியன் காலத்து டார்ஃபிசெரிடுகள் ஒரு தனிக் கிளை. லிட்யூய்ட்டஸ் சிறு வயதில் சுருண்டு, பிறகு நேராக வளர்ந்தது. இன்றைய நாட்டிலஸ் சேர்ந்த நாட்டிலிடா வரிசை அதற்குப் பிந்தைய டெவோனியன் காலத்தில்தான் வருகிறது. அந்த வரிசையின் பல குடும்பங்கள் டிரயாசிக் முடிவில், ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன், அழிந்துபோயின. அடுத்து வந்த ஜுராசிக்கில் செனோசெராஸ் என்ற பேரினத்தின் வழியாகத்தான் மறுபடி பெருகின.

நம்மூர்க் கற்களுக்கு இதில் ஒரு பழைய இடம் இருக்கிறது. தென்னிந்திய கிரெட்டேசியஸ் (ஜுராசிக்குக்கு அடுத்த காலம்) புதைபடிவங்களை 1846இல் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1861இல் 'பேலியன்டோலஜியா இண்டிகா' வரிசையைத் தொடங்கியபோது, இங்கிருந்து போன பெலம்னைட்டுகளும் (கணவாயின் அழிந்துபோன உறவுகள்) நாட்டிலஸ்களும்தான் முதலில் வந்தன. எழுதியவர் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்ட், பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவர். அம்மோனைட்டுகளை அதே துறையின் ஸ்டோலிஸ்கா எழுதினார். அன்று நாட்டிலஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தவற்றை இன்று பலவாகப் பிரிக்கிறோம். உருண்டையாக, தொப்புள் (சுருளின் நடுக்குழி) மிகச் சிறியதாக, இணைகோடு ஏறக்குறைய நேராக இருந்தால் யூட்ரெஃபோசெராஸ். ஓட்டின் மேல் வரிவரியாக விலா இருந்தால் சைமடோசெராஸ். கோடு ஆழமாக வளைந்தால் ஹெர்கோகிளாஸா பக்கம் தேட வேண்டும்.

சைமடோசெராஸை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மடகாஸ்கரிலிருந்து வரும் சைமடோசெராஸ் இணையத்தில் நிறைய விற்கிறது. ஓட்டை முழுக்க அரைத்து, இணைகோடுகள் அழகாகத் தெரியும்படி மெருகேற்றியிருப்பார்கள். அந்தப் பெயருக்கு ஆதாரமான விலாக்களோ ஓட்டோடு போய்விட்டன. வாங்குகிறவர் கையில் இருப்பது பெயர்ச்சீட்டு சொல்லும் இனம்தானா என்று கல்லைப் பார்த்து உறுதிசெய்ய வழியில்லை. அலங்காரத்துக்கு வாங்குகிறவருக்கு இது பொருட்டில்லை. கல்லூரிச் சேகரிப்புக்கு வாங்குகிறவருக்கு மிகவும் பொருட்டு.

இரண்டாக அறுப்பதிலும் கவனம் வேண்டும். அறுப்பு சுருளின் நடுத்தளத்தில் சரியாகப் போகவில்லை என்றால் சைபன்குழல் அகப்படவே அகப்படாது. பலர் குழலே இல்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான். அது மட்டுமல்ல, வயது ஏற ஏற அந்தக் குழல் இடம் மாறும் இனங்களும் உண்டு. ஒரு தடுப்பைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடைசி ஓரிரு தடுப்புகள் முந்தையவற்றைவிட நெருக்கமாக இருந்தால் விலங்கு முழு வளர்ச்சி அடைந்துவிட்டது என்று பொருள். அதைப் பார்க்காமல் குட்டி ஓடு ஒன்றை வேறு இனமாகப் பெயரிட்டுவிடலாம்.

நடுச்சுருளையும் விட்டுவிடாதீர்கள். நாட்டிலஸ் முட்டையிலிருந்து வரும்போதே ஓடு 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அம்மோனைட்டின் முதல் ஓடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட்டுகள் அழிய, நாட்டிலாய்டுகள் தப்பியதற்கு இந்த வித்தியாசத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பெரிய முட்டையில் உணவிருப்பு அதிகம். கடலின் மேல்மட்டத்து நுண்ணுயிர்களை நம்பி வாழும் கட்டாயம் அந்தக் குஞ்சுக்கு இல்லை. இந்தச் செய்தி அடங்கியிருக்கும் நடுப்பகுதியைத்தான் சாவிக்கொத்து மாட்டத் துளைபோட்டுவிடுகிறார்கள்!

கல் கிடைத்தால் கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயமோ ஸ்கேலோ வைத்து. பிறகு பக்கவாட்டில், வாய்ப்பக்கத்தில், வெளிவிளிம்பில் என்று தனித்தனியாக. ஊர்ப் பெயர், ஓடையா சுரங்கமா, சுற்றியிருந்தது களிமண்ணா சுண்ணாம்புக்கல்லா என்று எழுதிவையுங்கள். காரை என்ற ஊரின் களிமண்ணில் வந்ததும் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் வந்ததும் கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி கொண்டவை. அமிலம் வேண்டாம், கம்பித் தூரிகை வேண்டாம். தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். அப்புறம் அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் துறையிலோ, அரியலூர் மாவட்டத்து வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். உடைந்த துண்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். சைபன்குழல் பெரும்பாலும் அந்தத் துண்டில்தான் இருக்கும்.