எஃப்எம்டி செய்வது மறுவடிவமைப்பா?

லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் விளக்கும் குறிப்பு ஒன்றைப் போன வாரம் படித்தேன். எஃப்எம்டி (fmt, ஃபார்மேட் என்பதன் சுருக்கம்) என்ற கட்டளைக்கு நேரே "உரைக் கோப்பை மறுவடிவமைக்கும்" என்று எழுதியிருந்தார்கள். இதே தொடரை வேறு இடங்களிலும் பார்த்துச் சலித்துவிட்டது. இந்தக் கட்டளை கோப்பின் வடிவத்தையும் தொடாது, அமைப்பையும் தொடாது. அப்புறம் எங்கிருந்து வந்தது மறுவடிவமைப்பு?

ஃபார்மேட் என்ற மூலச் சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் ஃபோர்மா என்றால் உருவம். அதிலிருந்து இந்தச் சொல் ஜெர்மன், பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது அச்சகத்துச் சொல். தாளை ஒரு முறை மடித்தால் ஃபோலியோ, இரண்டு முறை மடித்தால் குவார்ட்டோ, மூன்று முறை மடித்தால் ஆக்டேவோ என்று புத்தகத்தின் அளவைக் குறித்தது. கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு கோப்பு வகை, வட்டு, எழுத்து அலங்காரம், வரி ஒழுங்கு என எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் நான்கு வேலை செய்கிறது. தமிழிலும் ஒரே சொல்தான் நான்கையும் சுமக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எஃப்எம்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். மின்னஞ்சலில் வந்த ஒரு பத்தி இப்படி இருக்கிறது:

கூட்டம் நாளை காலை
பத்து மணிக்கு. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், தாமதம்
வேண்டாம்.
மதியச் சாப்பாடு
உண்டு.

ஒரு வரி நீளம், ஒரு வரி ஒற்றைச் சொல். கட்டளையைக் கொடுத்ததும் ஏறக்குறைய இப்படி ஆகும்:

கூட்டம் நாளை காலை பத்து மணிக்கு.
எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்,
தாமதம் வேண்டாம். மதியச் சாப்பாடு
உண்டு.

ஒரு சொல்கூட மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. பத்திகளுக்கு நடுவே வெற்று வரி இருந்தால் அது அப்படியே நிற்கும். பத்தி உள்தள்ளி இருந்தால் அந்த உள்தள்ளலும் நிற்கும். மாறியது ஒன்றே ஒன்றுதான்: வரி எங்கே முடிகிறது என்பது. இந்தக் கட்டளை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்தபோது சொல்லப்பட்ட வேலையும் இதுவே, அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலை ஒழுங்கு பண்ணுவது. இன்றைக்கும் மின்னஞ்சல் நெறிமுறை ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னு எஃப்எம்டி தானாக எடுத்துக்கொள்ளும் அகலம் 75.

இதை மறுவடிவமைப்பு என்பதில் எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன.

முதலாவது, வடிவமைப்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே குடியிருக்க வீடு இருக்கிறது. ஆடை வடிவமைப்பு, கட்டட வடிவமைப்பு, இணையதள வடிவமைப்பு என்று அது டிசைனுக்கு நிலைத்துவிட்டது. மறுவடிவமைப்பு என்றால் பழையதைக் கலைத்துப் புதிதாகத் திட்டமிடுவது. ஒரு பயணச்சீட்டுச் செயலியை மறுவடிவமைத்தார்கள் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. மூன்று பத்திக் கடிதத்தை மறுவடிவமைத்தேன் என்றால் எதைச் செய்தேன் என்று எவருக்கும் புரியாது. ஈழத்து வாசகருக்கு வடிவு என்றாலே அழகு. அவர் இதை அழகுபடுத்தும் கருவி என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது குறைதான் பெரியது. நம் ஊரில் "ஃபார்மேட் பண்ணியாச்சு" என்றால் எல்லாம் போச்சு என்று பொருள். கணினிக் கடைக்காரர் சொன்னாலும் கல்லூரி மாணவர் சொன்னாலும் அதே பொருள்தான். இந்தப் பழக்கத்தோடு கட்டளை வரிக்குப் புதிதாக வருபவர் "கோப்பை மறுவடிவமைக்கவும்" என்பதைப் படித்து, அடைப்புக்குள் இருக்கும் மூலக் கட்டளையையும் பார்த்தால், எண்டர் தட்டத் தயங்கத்தான் செய்வார். உண்மையில் எஃப்எம்டி அந்தக் கோப்பில் கை வைப்பதே இல்லை. மாற்றிய உரையைத் திரையில் காட்டும், அவ்வளவே. வேண்டுமென்றால் நாம்தான் வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும். அச்சப்படத் தேவையில்லாத ஒரு கருவிக்கு அச்சமூட்டும் பெயரை வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, முன்னொட்டாக நிற்கும் 'மறு'. முதல் தடவையாக இந்தக் கட்டளையில் ஓடும் கோப்புக்கு மறு எங்கே வந்தது? 'ரீ' என்ற ஆங்கில முன்னொட்டைக் கண்டதும் கை தானாக 'மறு' என்று எழுதிவிடுகிறது. மறுசீரமைப்பு என்பவர்களும் உண்டு. அது மாநில மறுசீரமைப்பு, கடன் மறுசீரமைப்பு போன்ற பெரிய காரியங்களுக்கான சொல். வரி சீரமைப்பு என்று எழுதினால் செய்தித்தாள் படிக்கிறவருக்கு ஜிஎஸ்டிதான் நினைவுக்கு வரும். ஃபார்மேட்டுக்கு வடிவூட்டம் என்ற சொல் இவற்றைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, நிறம் ஆகியவற்றுக்குச் சரி. எஃப்எம்டிக்குத் தடித்த எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது.

என் முன்மொழிவு பத்தி நிரவல். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மண்ணை நிரவுகிறோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பணி நிரவல் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: உபரி இருக்கும் இடத்திலிருந்து எடுத்துப் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் போடுவது. எஃப்எம்டி சொற்களை வைத்துச் செய்வது அச்சாக அதேதான். நீண்ட வரியின் மிச்சத்தை எடுத்துக் குட்டை வரியில் போடுகிறது. யூனிக்ஸின் பழைய ஆவணக் கருவியான என்ராஃபில் இந்தச் செயலுக்கு வரியை நிரப்புதல் என்றுதான் பெயர். நிரவல் அதற்கும் பக்கத்தில் நிற்கிறது. க்னு எஃப்எம்டி இன்னொரு படி மேலே போகிறது. ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டே போகாமல், டொனால்ட் குனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட வரிமுறிப்பு வழிமுறையைப் பின்பற்றி, முழுப் பத்தியையும் பார்த்து எங்கெங்கே முறித்தால் வரிகள் ஒன்றுக்கொன்று ஒத்து வரும் என்று கணக்குப் போடுகிறது. முழு இடத்தையும் பார்த்துச் சமமாக்குவதற்கு நிரவலைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

வரி நிரவல் என்று சொல்லாமல் பத்தி நிரவல் என்றதற்கு வருமான வரிக் குழப்பம் ஒரு காரணம். கட்டளை வேலை செய்யும் அலகே பத்திதான் என்பது இன்னொன்று.

இதே இடத்தில் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பாட்டுக்கு அடி, எழுத்துக்கு வரி. ஓலைச்சுவடிகளில் இடத்தை வீணாக்காமல் பாட்டை ஓடவிட்டு எழுதினார்கள். ஏட்டின் வரி எங்கே முடிந்தாலும் பாட்டின் அடி மாறவில்லை. அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள்தான் சீரும் அடியும் பிரித்துக் காட்டினார்கள். எஃப்எம்டிக்கு வரி மட்டுமே தெரியும், அடி தெரியாது. கவிதைக் கோப்பைக் கொடுத்தால் அடிகளை ஒட்டி உரைநடை ஆக்கிவிடும். மறுவடிவமைப்பு என்ற பெயர் இந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. நிரவல் என்றால் கவிதையை நிரவக்கூடாது என்று சொல்லாமலே புரிகிறது.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்ற அடியில் 15 எழுத்தும் 3 இடைவெளியும் இருக்கின்றன. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப் 8 குறியீட்டில் அது 72 பைட் இடம் பிடிக்கும். க்னு எஃப்எம்டி நெடுங்காலமாக பைட்டைத்தான் எண்ணி வந்திருக்கிறது. அதன் கணக்கில் இந்த ஒரு குட்டை அடியிலேயே 75 அகலம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. தமிழ் உரையை நிரவினால் வரிகள் ஒல்லியாக வருவது இதனால்தான். அகலத்தை, கட்டளையோடு சேர்த்துத் தரும் டபிள்யூ (-w) விருப்பத்தில் 180, 200 என்று கூட்டிக் கொடுத்தால் பார்க்கும்படி இருக்கும். தமிழில் எழுதப்பட்ட விளக்கத்தில் தமிழ் வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. நான் பார்த்த எந்தக் குறிப்பிலும் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் ஒரு தமிழ்க் கோப்பை வைத்து அந்தக் கட்டளையை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும், கண்ணில் பட்டிருக்கும். கலைச்சொல் பட்டியலில் தேடி முதலில் கிடைத்ததை ஒட்டுவதுதான் மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. கருவி என்ன செய்கிறது என்று பார்த்தபின் சொல் தேடும் பழக்கம் போய்விட்டது. தூய தமிழா கலப்புத் தமிழா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வட்டை ஃபார்மேட் செய்வதை ஃபார்மேட் என்றே எழுதுங்கள், ஊருக்கே புரிகிறது. புரியாத சொல் தமிழாகவே இருந்தாலும் அதனால் பயன் இல்லை.

நிரவலை ஏற்றுக்கொண்டால் பக்கத்துச் சொற்களும் தெளிவாகிவிடும். ஃபோல்ட் (fold) என்ற இன்னொரு கட்டளை நீண்ட வரியைக் கொடுத்த அகலத்தில் முறிக்கும், குட்டை வரிகளைச் சேர்க்காது. எஸ் (-s) விருப்பம் தராவிட்டால் சொல்லின் நடுவிலேயே முறித்துவிடும். அது வரி மடக்கல். உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் கவிதையா என்று கேட்கிறோமே, அந்த மடக்கல். எஃப்எம்டிக்கே எஸ் என்று ஒரு விருப்பம் உண்டு: நீண்ட வரியைப் பிரிக்கும், குட்டையை ஒட்டாது. அப்போது அதுவும் நிரவுவதில்லை, மடக்குகிறது. அதன் யூ (-u) விருப்பம் சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, வாக்கிய முடிவில் இரண்டு என்று ஒரே மாதிரி ஆக்கும். அதற்கு இடைவெளி சீராக்கல் என்று எழுதலாம், சீர் என்ற சொல் அங்கே பொருத்தமாக உட்காரும்.